ஓரத்து எண்

மானாம்பதி
20-1-1980, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கிறவர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே அம்மா நலம், நைனா நலம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, இரண்டும் நலம். லேப் மருந்துத் தண்ணீரில் கை அரிக்கிறது என்று பொங்கலன்று சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது? தேங்காய் எண்ணெய் தடவு.

நீ கொடுத்துவிட்டுப் போன ருஷ்யக் கேமரா என் டிரங்குப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில் இருக்கிறது. நீ பஸ் ஏறின பிறகு நைனா அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு நாளு வந்து துன்னுட்டுப் போறான். நெலத்துல கால வெச்சானா? சினிமாக்காரங்க பிலிமக் கழுவிக்கினு கீறான், பெரிய உத்தியோகம்." இப்படியிருக்க, பெட்டிக்குள் கேமரா இருப்பது தெரிந்தால் என் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார். எல்லோரும் தூங்கின பிறகு சிம்னி விளக்குக்கு முறத்தை மறைப்பாக வைத்து இதை எழுதுகிறேன்.

ஆனாலும் படம் எடுக்க ஆசையாக இருக்கிறது. நீ அவசரத்தில் சொல்லிக் கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. லென்ஸுக்கு முன்னால் போடும் அந்த ஆரஞ்சுக் கண்ணாடி எதற்கு? முடிந்த ரோலை உத்திரமேரூர் ஸ்டூடியோவில் ஏன் கொடுக்கக் கூடாது என்றாய்? பிலிம் டப்பியின் மேல் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லையே, இது கடையில் வாங்கியதுதானா?

பதிலை வீட்டுக்கு எழுதாதே. என் வகுப்பு மலர்க்கொடியின் அப்பா உத்திரமேரூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அந்த விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். அவள் எனக்குத் தந்துவிடுவாள்.

பயத்துடன்,
உன் தங்கை கனகா

*

வடபழனி, சென்னை
27-1-1980

அன்புத் தங்கை கனகாவுக்கு,

நீ சொன்னபடி கிழித்துவிட்டேன். கை அரிப்பு குறைந்திருக்கிறது. கன்று காளையா, கிடாரியா என்று எழுதவில்லையே?

உன் கேள்விகளுக்கு வருகிறேன். இது சினிமாப் பிலிம். நானூறு அடி, ஆயிரம் அடி என்று பெரிய சுருளாக வரும். படப்பிடிப்பு முடிந்ததும் கடைசியில் நாற்பது, ஐம்பது அடி மிஞ்சும். அது ஒரு ஷாட்டுக்குப் போதாது. அதை இருட்டறையில் ஐந்தரை அடியாக வெட்டி, ஸ்டில் கேமரா டப்பியில் நானே சுற்றினேன். ஒரு டப்பிக்கு முப்பத்தாறு படம். கலர் ரோல் கடையில் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும்போது இது பெரிய விஷயம். கழுவின பிறகு இன்னொரு பிலிமில் அச்சடித்தால் சிலைடாகிவிடும். டூரிங் கொட்டகையில் இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரம் போடுவார்களே, அது மாதிரி. ஆனால் தீப்பெட்டியை விடச் சின்னது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம்.

இந்தப் பிலிம் ஸ்டூடியோ விளக்குக்காகச் செய்தது. வெயிலில் அப்படியே எடுத்தால் ஆள், மரம், மாடு எல்லாம் நீலமாகிவிடும். அதற்குத்தான் ஆரஞ்சுக் கண்ணாடி. இதன் முதுகில் கரிப் பூச்சு ஒன்று இருக்கிறது. அதைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்த பிறகுதான் கழுவ வேண்டும். ஊர் ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர் மருந்தும் கறுத்துவிடும், உன் படமும் போய்விடும். என்னிடம்தான் அனுப்ப வேண்டும்.

நல்ல வெயிலில் லென்ஸ் வளையத்தைப் பதினாறிலும் வேகத்தை அறுபதிலும் வை. மேகம் இருந்தால் வளையம் எட்டு. விடியற்காலை நாலு. ஒவ்வொரு படத்துக்கும் நேரமும் வளைய எண்ணும் நோட்டில் எழுது. நான் விடிவதற்குள் லேப்புக்குள் போய், இருட்டின பிறகு வெளியே வருகிறவன். இது பகல் வெளிச்சத்தில் எப்படி வருகிறது என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பிலிமின் ஓரத்தில், ஓட்டைகளுக்கும் வெளியே, அடிக்கு ஓர் எண் கம்பெனியிலேயே பதிந்து வரும். கழுவினால்தான் தெரியும். நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று வரிசையாக ஓடும். உன் கேமராவில் ஓர் அடிக்கு எட்டுப் படம். யாராவது நடுவில் ஓர் அடியை வெட்டினால் எண் காட்டிக் கொடுத்துவிடும். எடிட்டர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். வீணாகப் போகிற துண்டு, யாரும் தேடமாட்டார்கள். ஆனாலும் நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அம்மாவை அதிக நேரம் புகையில் இருக்க விடாதே.

வேதகிரி

*

மானாம்பதி
10-2-1980

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. மலர்க்கொடி கொடுக்கும்போதே, "இன்னாடி, நெசமாவே ஒங்கண்ணன் லெட்டர்தானா?" என்று சிரித்தாள். "மேல எழுத்தப் பாரு. இப்டி கோழி கெளறின மாரி வேற எவன் எழுதுவான்?" என்றேன். நம்பிவிட்டாள். கன்று கிடாரி. அம்மாவுக்கு இருமல் இல்லை.

முப்பத்தாறும் முடிந்தது. முதல் மூன்று படத்துக்குக் கண்ணாடி போட மறந்துவிட்டேன், திட்டாதே. ஒன்பதாவது படத்தில் நைனா ஏரியில் மாடு கழுவுகிறார். மாடு அவர் தோளை நக்கிற்று, அவர் சிரித்தார். அவருக்குத் தெரியாமல் எடுத்தேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு மறக்காமல் கிழித்துவிடு.

புதன்கிழமை விடியற்காலை, வெளிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கேமராப் பையோடு ஏரிக்கரைக்குப் போனேன். பனங்கன்றுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சூரியனுக்காகக் காத்திருந்தேன். கரைக்குக் கீழே நம் நிலம், அதை ஒட்டி ஏசுதாஸ் நிலம். அவர் மகள் ஞானசுந்தரி என் பெஞ்சில் உட்காருகிறவள். அவள் தாத்தாவுக்குச் சர்க்கார் கொடுத்த அரை ஏக்கர் அது. அதில் அவள் அப்பா மூன்று கோடையாகக் கிணறு வெட்டினார். போன வருஷம்தான் தண்ணீர் வந்தது. மண் சுமந்து சுமந்து ஞானசுந்தரியின் உச்சந்தலையில் ஓரிடத்தில் முடியே இல்லை. கிணற்றுக்கு இந்தப் பக்கம், நம் வரப்பு ஓரத்தில், எல்லைக்கல் இருக்குமே, நீ சின்ன வயதில் ஏறிக் குதிப்பாய்.

நைனாவும் நம் வீட்டில் வேலை செய்யும் சேட்டுவும் கடப்பாரையோடு வந்து அந்தக் கல்லை நெம்பினார்கள். சேட்டு, "அய்யா, யாருனா பாத்துறப் போறாங்க" என்றான். நைனா, "பாத்தா இன்னா? கல்லுக்குக் காலு மொளச்சுதுன்னு சொல்லு. தூக்குடா" என்றார்.

என் விரல் தானாக அழுத்திவிட்டது. கேமரா பெரிய சத்தம் போட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அதே நேரத்தில் கடப்பாரை விழுந்ததால் அவர்களுக்குக் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு முறை கடப்பாரை விழும்போதும் அழுத்தினேன். பதினேழாவது படத்திலிருந்து இருபத்து நாலு வரை. கல் முதலில் இருந்த இடம், அதைத் தூக்கிக்கொண்டு போவது, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நடுவது, நைனா மண்ணை மிதிப்பது எல்லாம் வரிசையாக இருக்கும். கிணறு இப்போது நம் பக்கத்தில் இருக்கிறது.

இதை வாயால் யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னாலும் நைனாவுக்கு எதிரே என்னை யார் நம்புவார்கள்? படம் இருந்தால் நம்புவார்கள். நீ கழுவிக் கொடு.

கொத்தவால் சாவடிக்குக் கத்திரிக்காய் ஏற்றிப் போகிற முனிரத்தினத்திடம் ரோலைப் பவுடர் டப்பாவில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். கை அரிப்புக்கு மருந்து என்று சொன்னேன். "ஒங்கண்ணனுக்குச் சொறியா புடிச்சுக்கிது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மன்னித்துக்கொள்.

கனகா

*

வடபழனி
22-2-1980

அன்புத் தங்கைக்கு,

நலம். டப்பா வந்தது. முனிரத்தினம் என்னைத் தொடாமல் தூர நின்று நீட்டினார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையில் மனம் போகவில்லை. அந்தக் கிணற்றில் ஒரு நாள் நானும் இறங்கி மண் அள்ளியிருக்கிறேன். நைனாவுக்குத் தெரியாது. ஏசுதாஸ் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினார். பிறகு எனக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்தார்.

கட்டாயம் கழுவித் தருகிறேன். உன் ரோலை வேறொரு படத்தின் நெகட்டிவோடு சேர்த்து ஒட்டித்தான் மெஷினில் விட முடியும். கழுவும் பிரிவுக்குத் தலைவர் வரதன் சார். அவர் இல்லாத ஷிப்டு எனக்கு வர வேண்டும். பத்து நாள் பொறு. ஞானசுந்தரியிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. கேமராவைத் தொடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வேதகிரி

*

மானாம்பதி
15-3-1980

அன்புள்ள அண்ணா,

நீ நலமா? பத்து நாள் என்று எழுதினாய், இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. மலர்க்கொடி தினமும் கையை விரித்துக் காட்டுகிறாள். இங்கே எங்களுக்கு நலக்குறைவு எதுவும் இல்லை.

போன வாரம் நைனா சர்வேயரை வரவழைத்தார். அவர் கல் இருக்கிற இடத்திலிருந்துதான் அளந்தார். கிணறு நம்முடையது என்று ஆகிவிட்டது. ஏசுதாஸ் அங்கேயே நின்று கத்தினார். ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "கெணறு அவன் வெட்டுனதாச்சே" என்றாள். நைனா, "வெட்டுனது அவன். மண்ணு நம்முது. அவன் தாத்தனுக்குக் குடுக்கறதுக்கு முன்னால அது யாரு மேய்ச்சலு? எங்க தாத்தா மேய்ச்சலு" என்றார். பிறகு மோர் கேட்டார்.

ஏசுதாஸ் மனு கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 21, திங்கட்கிழமை காலையில் தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி நேரில் வந்து விசாரிக்கப் போகிறார். கல் வேறு இடத்தில் இருந்ததற்குச் சாட்சி இருந்தால் அன்றைக்குக் கொண்டுவர வேண்டுமாம். அவருக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. ஞானசுந்தரி சொன்னாள்: "எங்கப்பா சோறே துண்றதில்ல கனகா. கெணத்தண்ட போயி குந்திக்கினு கீறாரு. கிட்ட போனா வள்ளுனு வுழறாரு." என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ சொல்லாதே என்றதால் சொல்லவில்லை.

இன்னொன்று. முனிரத்தினம் நைனாவிடம், "ஒம் புள்ளைக்குச் சொறி வாசியாச்சா? ஒம் பொண்ணு மருந்து குடுத்து வுட்டாளே" என்று கேட்டுவிட்டார். நைனா வீட்டுக்கு வந்து என் பெட்டியைக் கவிழ்த்தார். கேமராவைப் பார்த்தார். அடிக்கவில்லை. கேமராவை எடுத்துப் பரணில் போட்டார். "இதுல பிலிம் எங்க?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதேன். மறுநாள் பம்புசெட்டுக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி மெட்ராசுக்குப் பஸ் ஏறினார். அதற்கு அடுத்த நாள் வெறுங்கையோடு வந்தார். சாமான் எதுவும் வாங்கவில்லை. அம்மாவிடம், "ஒம் புள்ள சித்திரைக்கு வருவான். பாயசம் வெச்சு வையி" என்றார். மூன்று வருஷமாக உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசாதவர். அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

உன்னைப் பார்த்தாரா? என்ன பேசினார்? பிலிம் என்ன ஆயிற்று? மூன்றுக்கும் பதில் எழுது.

கனகா

*

வடபழனி
28-3-1980

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

ரோலைக் கழுவி அச்சடித்துவிட்டேன். நாலு பட்டையாக வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார். முதல் மூன்றும் நீலம். மற்றவை நன்றாகவே வந்திருக்கின்றன. ஒன்பதாவது படம் மிகவும் நன்றாக இருக்கிறது. லேப்புக்கு வருகிற ஸ்டில்களில்கூட இப்படி ஒன்று நான் பார்த்ததில்லை.

பதினேழு முதல் இருபத்து நாலு வரை வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது. நடுவில் எப்போதோ நீ மூடியைத் திறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். கெட்டதை அனுப்பிப் பயன் இல்லை என்று எடுத்துவிட்டேன். வருத்தப்படாதே. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இப்படி ஆவது சகஜம்.

சித்திரைக்கு ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். பரீட்சை நேரம், படிப்பைக் கவனி. பெரியவர்கள் விவகாரத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வேதகிரி

*

மானாம்பதி
3-4-1980

அண்ணா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

நான் மூடியைத் திறக்கவில்லை. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் லென்ஸ் வாங்கி, பட்டைகளை ஓரத்தில் பார்த்தேன். நாலாவது படத்துக்குக் கீழே 214 என்று இருக்கிறது. பன்னிரண்டாவது படத்துக்குக் கீழே 215. அடுத்த எண் இருபத்தெட்டாவது படத்துக்குக் கீழே வருகிறது. அது 217. அதற்குப் பிறகு கடைசிப் படத்தில் 218. 216 இல்லை. ஓர் அடிக்கு எட்டுப் படம் என்று நீதான் எழுதினாய். பதினேழு முதல் இருபத்து நாலு வரை எண்ணினால் சரியாக எட்டு.

மூடியைத் திறந்து வெளிச்சம் பட்டிருந்தால் பதினாறாவது படமும் இருபத்தைந்தாவது படமும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கும்? பதினாறில் பனங்கன்றின் முள்கூடத் தெரிகிறது. வெட்டு மிகவும் நேராக இருக்கிறது. உன் கை நடுங்கவில்லை.

நைனா உன்னைப் பார்த்தாரா என்று கேட்டேன். நீ அதற்குப் பதிலே எழுதவில்லை.

216 எங்கே அண்ணா?

கனகா

*

மானாம்பதி
14-4-1980

அண்ணா,

நேற்று சித்திரை முதல் தேதி. அம்மா பாயசம் வைத்தாள். நைனா வேலை இருக்கிற மாதிரி இரண்டு தடவை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டு வந்தார். கடைசி பஸ்ஸும் போன பிறகு, "வரலன்னா போறான், எடுத்து ஊத்து" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

நீ ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அது மட்டும் எழுது.

விசாரணைக்கு இன்னும் ஏழு நாள்.

கனகா

*

வடபழனி
16-4-1980

அன்பான கனகா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைதான் இல்லை. நேற்றோடு நின்றுவிட்டேன். 216இன் அச்சு இந்த உறையில் இருக்கிறது. எட்டுப் படமும் இருக்கிறது. மெல்லிய தாளில் சுற்றியிருக்கிறேன், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடு.

நைனா வந்தார். லேப் வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "இளைச்சுட்டியேடா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "அந்தப் பிலிம்ல இன்னா கீது?" என்றார். தெரியாது, இன்னும் கழுவவில்லை என்றேன். "கழுவாத. பெத்தவன் மேல பொண்ணே சாட்சின்னு ஊரு பேசும். அப்றம் அவள எவன் கட்டுவான்? நீ சித்திரைக்கு வூட்டுக்கு வா. ஒங்கம்மா ஒன்னியே நெனச்சுக்கினு கீறா" என்றார். பஸ் வரைக்கும் கூடவே போனேன்.

அவர் சொன்னதால்தான் வெட்டினேன் என்று உனக்கு எழுதியிருக்கலாம். அது பொய். அவர் போன பிறகு அன்றைக்கே கழுவினேன். படங்களைப் பார்த்தேன். கல்லோடு நைனா நடக்கிற படத்துக்குக் கீழேயே அந்த எண் இருந்தது. எண்ணைப் பற்றி உனக்குப் பாதிதான் சொன்னேன். எந்த எண் எந்தப் படக் கம்பெனிக்கு வந்த சுருள் என்று லேப் ரிஜிஸ்தரில் இருக்கும். அது வீணாகப் போகிற துண்டு இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய துண்டு. நான் சொல்லாமல் எடுத்தேன். அதிகாரி அதைக் கையில் வாங்கினால், எங்கே கழுவியது, யார் கழுவியது என்று கேட்பார். எண் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிடும். ஓரத்தை மட்டும் கத்தரித்து அனுப்பலாமா என்றும் யோசித்தேன். ஓரம் இல்லாத பிலிமை யார் நம்புவார்கள்? வெட்டி ஒட்டியது என்பார்கள். அதனால் அடியோடு எடுத்துவிட்டேன். பழியை உன் மேல் போட்டேன்.

உன் மூன்றாம் தேதிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சித்திரைக்கு வருவதற்குப் பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன்.

நேற்று வரதன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"எத்தினி ரோல் சுத்துன?"

"மூணு சார்."

"இன்னாத்த எடுத்த? ஹீரோயினையா?"

"இல்ல சார். ஒரு கல்லு."

"கல்லா?"

விளக்கு மேஜையில் வைத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். "எடுத்தது யாரு?" என்றார். தங்கை என்றேன். "வேலைய வுட்டு நின்னுக்கோ. மிச்ச ரெண்டு ரோலக் குடுத்துட்டு இத எடுத்துக்கினு போ. 216க்கு நேரா ஒம் பேர நானே எழுதிக்கிறேன். எவன் வந்து கேட்டாலும் இந்த லேப்ல கழுவுனதுதான்னு சொல்லுவேன்" என்றார்.

21ஆம் தேதி காலை முதல் பஸ்ஸில் நெகட்டிவை எடுத்துக்கொண்டு வருகிறேன். யார் எடுத்தது என்று கேட்டால் நான் என்று சொல்லிவிடுகிறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம்.

அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

வேதகிரி

*

மானாம்பதி
20-4-1980, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணா,

நாளைக் காலையில் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் கொடுக்க இதை எழுதுகிறேன். பேச நேரம் கிடைக்காது. நான் நலம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

உன் உறை நேற்று வந்தது. மத்தியானப் பரீட்சை முடிந்ததும் ஞானசுந்தரியைப் பள்ளிக்கூடக் கிணற்றடி வேப்பமரத்துக்குக் கூட்டிப்போய்ப் பட்டையைக் கொடுத்தேன். சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இது எங்க கெணறு."

"ஆமா."

"கல்லு இங்க கீது. அடுத்ததுல சாய்ஞ்சிக்கினு கீது. இதுல கல்லே காணோம்." பிறகு மெதுவாக, "கனகா, இது உங்க நைனாதான?" என்றாள்.

"ஆமா."

"நீயா எடுத்த?"

ஆமாம் என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். பிப்ரவரியிலிருந்து என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு மாசமா எங்கப்பா சோறு துண்ணல" என்று சொன்னாள். பட்டையை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கோபம் எப்போது தீரும் என்று தெரியவில்லை. ஆனால் பட்டை இப்போது ஏசுதாஸிடம் இருக்கிறது. இந்த வீட்டில் இல்லை.

நீ எடுத்ததாகச் சொல்லாதே அண்ணா. பொங்கலுக்குப் பிறகு நீ ஊருக்கு வரவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய் சொன்னால் எட்டுப் படமும் பொய்யாகிவிடும். நோட்டில் இருப்பது என் கையெழுத்து. "6-2-80, காலை 6.40, எண் 4, கண்ணாடி போட்டது" என்று பதினேழாவது படத்துக்கு எழுதியிருக்கிறேன். அதிகாரி கேட்டால் நான் எடுத்தேன் என்று நானே சொல்கிறேன். நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். குரல் வருகிறதா என்று நாளைக்குத்தான் தெரியும்.

மலர்க்கொடியின் அப்பா இன்றைக்குச் சந்தையில் நைனாவைப் பார்த்து, "ஒம் பொண்ணுக்குப் பட்டணத்துலருந்து லெட்டரா வந்துக்கினு கீதே" என்று சொல்லியிருக்கிறார். சேட்டு வந்து அம்மாவிடம் சொன்னான். நைனா சந்தையிலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே சைக்கிளில் உத்திரமேரூர் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை. நேற்று வந்த உறையைப் பற்றி மலர்க்கொடி சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வந்ததும் பெட்டியைக் கவிழ்ப்பார். மிச்சப் பட்டைகள்தான் கிடைக்கும். ஒன்பதாவது படத்தை மட்டும் நான் தனியாக வெட்டி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓட்டை போட்டு ஒட்டி மேலாக வைத்திருக்கிறேன். மாடு நக்க, நைனா சிரிக்கிற படம். அதன் ஓரத்தில் எண் எதுவும் இல்லை. அது அவருக்கு. கிழித்தாலும் கிழிப்பார். ஆனால் முதலில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

முதல் கடிதத்தில் யாருக்கும் காட்டாதே என்று எழுதினேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. அதிகாரிக்குக் காட்டு. வரதன் சாருக்கும் காட்டு, வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு நானும் ஒரு

சைக்கிள் சத்தம். நைனா கதவைத் தட்டுகிறார். அம்மா எழுந்திருக்கிறாள். அவள் வேண்டாம், நானே போய்த் திற